ஒரு கண்ணைப் பொத்திப் பாருங்கள்

எங்கள் பக்கத்தில் கண்ணில் என்ன கோளாறு என்றாலும் முதலில் கிடைக்கிற யோசனை, "கண்ணாடியை மாத்துங்க". அடுத்தது நந்தியாவட்டைப் பூ. பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரியத் தொடங்கியபோது எனக்கும் இரண்டையும் சொன்னார்கள். ஆனால் அதற்கு முன்பே எங்கள் தோட்டத்து மருந்தகத்தைப் பார்க்கிற டிஸ்பென்சர் ஐயா ஒரு காரியம் செய்யச் சொன்னார். அதனால்தான் நான் போக வேண்டிய இடத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன்.

அவர் சொன்னது இவ்வளவுதான். பார்க்கிற பொருள் இரண்டாகத் தெரிந்தால் ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்துங்கள், பிறகு அதைத் திறந்துவிட்டு மற்றதைப் பொத்துங்கள். ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போதும் இரண்டாகவே இருந்தால் கோளாறு அந்தக் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. கண்புரை, கண் வறட்சி, சிலிண்டர் பவர் என்று பெரும்பாலும் கண் கிளினிக்கிலும் கண்ணாடிக் கடையிலும் தீர்கிற விஷயம். எந்தக் கண்ணைப் பொத்தினாலும் உருவம் ஒன்றாகிவிட்டால் கதை வேறு. கண்கள் தனித்தனியாக நன்றாகத்தான் இருக்கின்றன, இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. தசையிலோ நரம்பிலோ மூளையிலோ ஏதோ நடந்திருக்கிறது. அதற்குக் கண்ணாடிக் கடைக்குப் போகக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அதுவும் அன்றைக்கே.

எனக்கு இரண்டாவது வகை.

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருக்கிறேன். ஐம்பதைத் தாண்டிவிட்டேன். சீனியும் பிரஷரும் பல வருஷத்துச் சொந்தங்கள். ஒரு நாள் காலையில் மலையில் நின்று கொழுந்தெடுக்கிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். வலப்பக்கத்து நிரைகளில் குழப்பம் இல்லை. இடப்பக்கம் திரும்பினால் ஒவ்வொரு தலைக்கும் பக்கத்தில் இன்னொரு தலை, ஒவ்வொரு கூடைக்கும் பக்கத்தில் இன்னொரு கூடை. கிட்ட நின்றவர்களின் இரண்டு உருவமும் ஒட்டினாற்போல இருந்தன, தூரத்துத் தொங்கலில் நின்றவர்களுடையவை நன்றாகவே விலகியிருந்தன. கையிலிருந்த, ஆள் கணக்கு எழுதுகிற செக்ரோல் புத்தகம் மட்டும் ஒழுங்காக ஒன்றாகத் தெரிந்தது. அதனால் மயக்கம் என்றும் நினைக்க முடியவில்லை, பித்தம் என்றும் நினைக்க முடியவில்லை. தூரத்தில், மேல்கொத்மலை நீர்மின் திட்டம் வந்த பிறகு மெலிந்துபோன சென் கிளேயர் அருவி எனக்கு மட்டும் இரண்டாக விழுந்துகொண்டிருந்தது.

"என்னங்கையா, கழுத்து புடிச்சிக்கிச்சா?" என்று ஒரு அக்கா கேட்டார். அப்போதுதான் கவனித்தேன், முகத்தை இடப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்படி நின்றால் உலகம் ஒன்றாக இருந்தது. நான் யோசித்துச் செய்யவில்லை, உடம்பு தானாகவே வழி கண்டுபிடித்திருந்தது. இந்தத் தலை திருப்பலும் வைத்தியருக்கு ஒரு தடயம் என்பது பிறகுதான் தெரியவந்தது.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. இரண்டு கண்ணுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு. இவற்றை ஆள்வது மூளையிலிருந்து பக்கத்துக்கு மூன்றாக வருகிற நரம்புகள், மூன்றாவது, நான்காவது, ஆறாவது என்று எண்ணால் அழைக்கப்படுபவை. மூன்றாவது நரம்புக்கு நான்கு தசைகளோடு இமையைத் தூக்குகிற வேலையும் கண்மணியைச் சுருக்குகிற வேலையும் உண்டு. நான்காவதும் ஆறாவதும் ஆளுக்கு ஒரு தசையோடு சரி. கண்ணை வெளிப்பக்கமாக, காதை நோக்கித் திருப்புகிற தசை ஆறாவது நரம்பின் பொறுப்பு. என் இடது கண்ணில் படுத்துக்கொண்டது அதுதான். இடது கண் இடப்பக்கம் போகவில்லை, அதனால் இடப்பக்கம் பார்க்கும்போதெல்லாம் இரண்டு. கிட்டத்தில் வாசிக்கும்போது கண்கள் உள்ளே குவிகின்றன, வெளிப்பக்கத் தசைக்கு வேலை குறைவு. அதனால்தான் செக்ரோல் தப்பியது.

கண்கள் சரியாக நின்றாலும் பாதி வேலைதான் முடிகிறது. நமது கண்மணிகளுக்கு இடையில் ஆறு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான இடைவெளி. ஆகவே இரண்டு கண்ணிலும் விழுகிற படம் ஒன்றல்ல, சிறு வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்திலிருந்துதான் மூளை ஆழத்தைக் கணக்கிடுகிறது என்பதை 1838இல் சார்ள்ஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேயர், தட்டையான இரண்டு கோட்டோவியங்களைக் கண்ணாடிகள் வழியாகக் கண்ணுக்கு ஒன்றாகக் காட்டி நிரூபித்தார். இரண்டு படத்தையும் மூளை சேர்த்து ஒரே காட்சியாக்கிவிடுகிற இந்த இயல்பான பார்வைக்கு மருத்துவ அகராதிகளில் ஹாப்லோபியா என்று ஒரு பெயர் உண்டு. எந்த வைத்தியரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லார் வாயிலும் வருவது அது கெட்டுப்போன நிலைக்கு வைத்த பெயர்தான், டிப்லோபியா. சுகமாக இருக்கும்போது எதற்குமே பெயர் தேவைப்படுவதில்லை போல.

இதைப் படித்துவிட்டு விரலை மூக்குக்கு நேரே நீட்டிச் சோதித்துப் பயந்துவிடாதீர்கள். தூரத்துக் கருப்பந்தைலா மரத்தைப் பார்த்துக்கொண்டே முகத்துக்கு முன் ஒரு விரலை நிறுத்தினால் விரல் இரண்டாகத் தெரியத்தான் செய்யும். எல்லாருக்கும் அப்படித்தான். பார்வை நிலைத்திருக்கிற பொருளே இரண்டாவதுதான் கோளாறு.

இனிச் சொல்லப்போவதை வீட்டில் ஒருவராவது மனதில் வைத்திருக்க வேண்டும். இரண்டாகத் தெரிவதோடு ஒரு பக்க இமை விழுந்து, அந்தப் பக்கத்துக் கண்மணி மற்றதைவிடப் பெரிதாகி, தலைவலியும் இருந்தால் மூளையின் இரத்தக் குழாய் ஒன்று புடைத்து மூன்றாவது நரம்பை நெரிக்கிறது என்று சந்தேகிப்பார்கள். அது வெடிக்கலாம், ஆகவே காலை பஸ்ஸுக்குக் காத்திருக்கிற விஷயமல்ல. பேச்சுக் குழறல், வாய் கோணல், கை கால் பலவீனம், நடை தள்ளாட்டம், திடீரென்று வந்த கடும் தலைவலி, தலையில் அடிபட்ட பிறகு வந்த இரட்டைப் பார்வை, இவையும் அப்படியே. 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. "சீனிக்காரருக்கு இதெல்லாம் வர்றதுதான்" என்று யாராவது ஆறுதல் சொன்னால் காதில் வாங்க வேண்டாம். சீனியால் வந்ததா என்பதை மற்றவை இல்லை என்று பார்த்த பிறகுதான் சொல்ல முடியும்.

எனக்கு அந்த ஆபத்துக் குறிகள் எதுவும் இருக்கவில்லை. புருவத்துக்கு மேலே மெல்லிய வலி மட்டும். டிஸ்பென்சர் ஐயா துண்டு எழுதிக் கொடுத்தார், மகனையும் கூட்டிக்கொண்டு லிந்துலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்குப் போனேன். அந்த வளைவுகளில் இரண்டு பாதை தெரிகிற கண்ணோடு ஜன்னலோரம் உட்கார்ந்தால் குடல் வாய்க்கு வந்துவிடும். பஸ்ஸில் போகிறவர்கள் ஏறும்போதே ஒரு கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கூட ஆள் கட்டாயம் வேண்டும். கண்ணில் மருந்து விட்டு மணியை விரித்து உள்ளே பார்ப்பார்கள், அதன் பிறகு சில மணி நேரத்துக்கு வெயில் கண்ணைக் குத்தும், எழுத்து மங்கும். தொப்பியோ குடையோ இருந்தால் நல்லது. உள்ளே பார்ப்பது சும்மா சம்பிரதாயத்துக்கு அல்ல. மண்டைக்குள் அழுத்தம் கூடினாலும் ஆறாவது நரம்பு படுத்துக்கொள்ளும், அப்போது கண்ணின் பின்பக்கத்தில் நரம்பு முனை வீங்கியிருக்கும்.

கிளினிக்கில் நேரம் குறைவு, கூட்டம் அதிகம். அதனால் சொல்ல வேண்டியதை வரிசையில் காத்திருக்கும்போதே மனதில் ஒழுங்குபடுத்திவிட்டேன். எப்போது தொடங்கியது, திடீரென்றா மெல்ல மெல்லவா. இரண்டு உருவமும் பக்கத்தில் பக்கத்திலா, மேலும் கீழுமா. எந்தப் பக்கம் பார்த்தால் கூடுகிறது. தூரத்திலா கிட்டத்திலா. ஒரு கண்ணைப் பொத்தினால் என்ன ஆகிறது. காலையில் தேவலாம், பொழுதுசாய மோசம் என்று மாறுகிறதா. கடைசிக் கேள்வி முக்கியம், தசை சீக்கிரம் களைத்துப்போகிற ஒரு நோய் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும். படியிறங்கும்போதும் வாசிக்கும்போதும் மேலும் கீழுமாக இரண்டு தெரிந்தால் நான்காவது நரம்பு பக்கம் யோசிப்பார்கள். வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் "தெகக் பேனவா" என்று தொடங்கினால் போதும், மீதியைக் கையால் காட்டலாம். சாப்பிடுகிற எல்லா மருந்தின் அட்டைகளையும் கிளினிக் புத்தகத்தையும் எடுத்துப் போங்கள்.

வைத்தியர், மெல்லும்போது தாடை வலிக்கிறதா என்று கேட்டார். வெற்றிலைப் பழக்கத்தைக் கண்டுகொண்டார் போலிருக்கிறது என்று எனக்குள் சிரிப்பு. வேடிக்கை இல்லையாம். ஐம்பது தாண்டியவர்களுக்கு நெற்றிப் பொட்டு இரத்தக் குழாய் அழற்சி வந்தால் தாடை வலியும் இரட்டைப் பார்வையும் சேர்ந்து வரலாம், விட்டால் பார்வையே போய்விடும். அதற்காகத்தான் இரத்தத்தில், அழற்சி இருந்தால் காட்டுகிற ஈஎஸ்ஆர் பார்த்தார்கள். கூடவே பிரஷரும் மூன்று மாதச் சராசரி சீனியும். சீனியின் கணக்கு என் மானத்தை வாங்கியது, அதை இங்கே எழுதப் போவதில்லை.

பிறகு ஒரு கண்ணுக்குச் சிவப்பு, மற்றதுக்குப் பச்சை என்று நாடகக்காரன் போல ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டு, நான்கு புள்ளிகள் ஒளிர்கிற டோர்ச் ஒன்றைக் காட்டினார்கள். ஒன்று சிவப்பு, இரண்டு பச்சை, ஒன்று வெள்ளை. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால் நான்கு. ஒரு கண்ணை மூளை ஒதுக்கிவிட்டால் இரண்டு சிவப்போ மூன்று பச்சையோதான் தெரியும். எனக்கு ஐந்து. சிவப்பு இரண்டும் பச்சை மூன்றும் தள்ளித் தள்ளி நின்றன. "அஞ்சு" என்றதும் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். சீனியாலும் பிரஷராலும் நரம்புக்குப் போகிற நுண்ணிய இரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கிறது, பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாகத் திரும்பும், சிலருக்கு ஆறு மாதம் வரை போகும், குறையாவிட்டாலோ வேறு ஏதும் சேர்ந்தாலோ ஸ்கான் என்றார். இதற்கென்று தனியாக மாத்திரை இல்லை. சீனி, பிரஷர் மாத்திரைகளைத்தான் ஒழுங்காகப் போட வேண்டும்.

அடுத்து, ஒற்றைக் கண் வாழ்க்கை. இதைப் பற்றி யாரும் அதிகம் சொல்லித் தருவதில்லை.

என் பழைய கண்ணாடியின் இடப்பக்க வில்லைக்கு உள்ளே வெள்ளைக் காகிதப் பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டேன். கடையில் விற்கிற கறுப்புக் கண்பட்டியைவிட இது மேல். வேர்க்காது, நூல் காதை அறுக்காது, பார்க்கிறவர்களும் கடற்கொள்ளைக்காரன் என்று கேலி செய்ய மாட்டார்கள். பெரியவர்களுக்கு எந்தக் கண்ணை மறைத்தாலும் இரட்டைப் பார்வை நிற்கும். ஆனால் நல்ல கண்ணை மறைத்து, படுத்த கண்ணால் மட்டும் பார்த்தால் ஒரு வேடிக்கை நடக்கிறது. மேசையின் இடப்பக்கம் இருந்த தேத்தண்ணிக் கிளாஸை எடுக்கக் கை நீட்டினேன், கை கிளாஸைத் தாண்டி இன்னும் இடது பக்கம் போய் மேசையைத் தொட்டது. பலவீனமான தசைக்கு மூளை கூடுதலாக உத்தரவு கொடுக்கிறதாம், கொடுத்த உத்தரவை வைத்தே பொருள் அவ்வளவு தள்ளி இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறதாம். ஆகவே நோய்க் கண்ணை மறைப்பதுதான் எனக்கு வசதியாக இருந்தது. பிரிசம் என்று ஒரு பிளாஸ்டிக் தாளைக் கண்ணாடியில் ஒட்டி இரண்டு உருவத்தையும் சேர்க்கிற வழியும் உண்டு. நீண்ட நாள் போனால் அதைப் பார்க்கலாம் என்றார்கள், எனக்கு அதுவரை போகவில்லை.

ஒரு கண்ணோடு தேத்தண்ணி ஊற்றும்போது கேத்தல் மூக்கைக் கிளாஸ் விளிம்பில் தொடவைத்து ஊற்றுங்கள், இல்லாவிட்டால் மேசைக்குத்தான். ஊசியில் நூல் கோக்கிற எண்ணத்தை விட்டுவிடுங்கள். எங்கள் வரிசை வீடுகளான லயத்தின் கல்படிகளில் ஏறுவது பரவாயில்லை, இறங்குவதுதான் கண்டம். ஒவ்வொரு படி விளிம்பையும் காலால் தடவித்தான் இறங்கினேன். மனைவி எங்கள் வாசல் படிகளின் ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு இழுத்துவிட்டார், அது பெரிய உதவி. மலையில் கான்கள் எமன்கள். செடிக்கு நடுவில் இருக்கிற பள்ளம் எவ்வளவு ஆழம் என்று ஒற்றைக் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெயில் நேரத்தில் நிழலைப் பார்த்துச் சமாளிக்கலாம், தலையைக் கொஞ்சம் இப்படி அப்படி அசைத்தாலும் கிட்டத்தில் இருப்பது வேகமாக நகர்வதை வைத்துத் தூரம் பிடிபடும். ஆனால் மிஸ்ட் இறங்கிவிட்டால் நிழலும் இல்லை, தூரமும் இல்லை. அந்த நேரத்தில் மட்டக்கம்பு ஒன்றைக் கையில் வாங்கி, முன்னால் ஊன்றி ஊன்றி நடந்தேன். கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற தொழிலாளிக்கு இது வந்திருந்தால் வேலையை நிறுத்தச் சொல்லியிருப்பேன். என் வேலை எண்ணுவதும் எழுதுவதும், அதை ஒற்றைக் கண்ணாலும் செய்யலாம்.

மோட்டார்சைக்கிள் சாவி மகனிடம் போனது. இரண்டாகத் தெரியும்போது ஓட்டக் கூடாது என்பது எல்லாருக்கும் புரியும். கண்ணை மறைத்துக்கொண்டால் ஓட்டலாமே என்றுதான் பலர் நினைக்கிறார்கள். புதிதாக ஒற்றைக் கண்ணுக்கு வந்தவருக்கு ஒரு பக்கத்துப் பார்வை குறைகிறது, எதிரே வருகிற பஸ் எவ்வளவு தூரம் என்ற கணக்கும் தப்புகிறது. ஹட்டன் பாதையின் வளைவுகளில் அந்தக் கணக்குத்தான் உயிர். வைத்தியர் சரி என்று சொல்லும்வரை சாவியைத் தொடவில்லை.

சுகமாவதை நான் அளந்த விதம் வேடிக்கையானது. முதலில் இஸ்தோப்புச் சுவரில் தொங்குகிற கலண்டரில் திகதிகள் ஒன்றாயின. சில வாரத்தில் கொழுந்து மடுவத்துத் தராசுவரைக்கும் ஒன்று. பிறகு கோயில். அருவி கடைசியில்தான் ஒன்றானது, அதன் பிறகும் இடப்பக்க ஓரத்தில் கொஞ்ச நாள் இரட்டை மிச்சமிருந்தது. தினமும் ஒரே இடத்தில் நின்று ஒரே பொருளைப் பார்த்துக் குறித்துவைத்தால் முன்னேறுகிறதா, நின்றுவிட்டதா என்று கிளினிக்கில் தெளிவாகச் சொல்லலாம். அடுத்த முறை சிவப்பு பச்சைக் கண்ணாடியைப் போட்டபோது நான்கு புள்ளி.

நந்தியாவட்டைப் பூவைப் பற்றி ஒரு வார்த்தை. மூடிய இமை மேல் வைத்தால் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறாவது நரம்பு மூளைத் தண்டிலிருந்து புறப்பட்டு, மண்டையோட்டின் அடித்தளத்தில் நெடுந்தூரம் ஓடித்தான் கண்ணுக்கு வருகிறது. இமையில் வைக்கிற பூவின் சாறு அங்கே எப்படிப் போகும்? தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன் எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள், கிருமி போய்ச் சேர அது நல்ல வழி.

என் கண் விஷயம் லயத்தில் பேச்சான பிறகுதான் எங்கள் பக்கத்துக் காம்பராப் பிள்ளையின் விஷயம் வெளியே வந்தது. நான்கு வயசுப் பெண் பிள்ளை, வலது கண் மூக்குப் பக்கம் ஒதுங்கியிருக்கும். மாறுகண் யோகம் என்று பாட்டி சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற புள்ளக்காம்பரா ஆயாதான் ஒன்றைக் கவனித்திருந்தார். விளையாட்டாக வலது கண்ணைப் பொத்தினால் பிள்ளை சும்மா இருக்கிறது, இடது கண்ணைப் பொத்தினால் கையைத் தட்டிவிட்டு அழுகிறது.

"ஆனா மாமா, ரெண்டா தெரியுதுன்னு புள்ள ஒரு நாளும் சொல்லலியே" என்றாள் தாய்.

சொல்லாது. பெரியவர்களின் மூளை இரண்டு படத்தையும் வைத்துக்கொண்டு திண்டாடும். சின்னப் பிள்ளையின் மூளை ஒதுங்கின கண்ணின் படத்தையே தூக்கிப் போட்டுவிடும். பிள்ளைக்கு ஒரு தொந்தரவும் இல்லை, ஆனால் பாவிக்காத கண்ணின் பார்வை வளராமல் நின்றுவிடும். ஆரம்ப வயதில் ஒரு கண் பாவனையில் இல்லாவிட்டால் மூளையின் பார்வைப் பகுதியில் அதன் இடம் மற்றக் கண்ணுக்குப் போய்விடுகிறது என்று பூனைக்குட்டிகளை வைத்துக் காட்டிய ஹூபெல், வீசல் இருவருக்கும் 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. வைத்தியம் ஏழெட்டு வயதுக்குள் நடந்தால்தான் பலன் அதிகம். "வளர வளரச் சரியாகும்" என்பது பிறந்த மூன்று நான்கு மாதம்வரைக்கும்தான் பொருந்தும். அதற்குப் பிறகும் கண் ஒதுங்கினால் மிட்வைஃப் அம்மாவிடம் சொல்லிக் கண் கிளினிக்குக்கு எடுத்துப் போக வேண்டும். ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது, கண்ணுக்குள் புற்றுக் கட்டி இருந்தாலும் மாறுகண் வரும்.

இந்தப் பிள்ளைக்கு அப்படி எதுவும் இல்லை. பிளஸ் பவர் அதிகம், அதைச் சமாளிக்கக் கண் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. கண்ணாடியைப் போட்டால் கண் பெரும்பாலும் நேராக நிற்கிறது, கழற்றினால் உள்ளே போகிறது. அதைப் பார்த்து "கண்ணாடி போட்டதாலதான் கண்ணு கெட்டுப்போச்சு" என்று பாட்டி சண்டைக்கு நிற்கிறார். குளிக்கிற, தூங்குகிற நேரம் தவிர எப்போதும் போட வேண்டும் என்பதை அவருக்குப் புரியவைப்பதுதான் இப்போதைய பெரிய வைத்தியம்.

கூடவே, நன்றாகத் தெரிகிற இடது கண்ணைத் தினமும் வைத்தியர் சொன்ன மணிக்கணக்குக்கு மறைக்க வேண்டும். நான் செய்ததைப் பார்த்துத் தாய் வில்லையில் பிளாஸ்டர் ஒட்டினாள், பிள்ளை கண்ணாடியின் மேல் பக்கமாக எட்டிப் பார்த்து ஏமாற்றியது. சின்னப் பிள்ளைகளுக்குத் தோலோடு ஒட்டுகிற பட்டைதான் வேண்டும், அதன் மேலே கண்ணாடி. அந்த நேரத்தில் படம் வரைய விட்டாலோ போனில் கார்ட்டூன் போட்டாலோ பிய்க்காது. சொன்ன நேரத்துக்கு மேலே மறைப்பதும் கூடாது, நல்ல கண் பின்தங்கிவிடும். அதனால்தான் கிளினிக் திகதியைத் தவறவிடக் கூடாது என்கிறார்கள். ஆனால் கிளினிக் போகிற நாளில் தாய்க்குப் பேர் விழாது, அன்றைய சம்பளம் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளின் கண் வைத்தியம் பாதியில் நிற்பதற்கு என் கண்ணால் கண்ட காரணம் பாட்டிமாரின் யோகப் பேச்சைவிட இதுதான். இந்தத் தாய் இப்போது திகதியை முதல் வாரமே என்னிடம் சொல்லிவிடுகிறாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மத்தியானத்துக்குப் பிறகு மலையேறினால் அரைப்பேராவது போட முடிகிறது.